வேகத்துக்கு இருபத்தொரு சொல்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அலுவலகத்திலும் குடியிருப்பிலும், ஏன், கட்டிய கணவன் வாயிலும்கூட அவள் அகராதிதான். மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை பார்ப்பது ஒரு காரணம். யார் எதைச் சொன்னாலும் "அது அப்படி இல்ல" என்று ஆரம்பிப்பது இன்னொரு காரணம். முதன்முதலில் சந்தித்த அன்று அவன், "நான் கப்பல் ஓட்டறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். "ஃபிட்டர்னுதானே சொன்னாங்க? ஃபிட்டர்னா ஓட்டறவர் இல்லையே, ஓடாம நின்னா சரிபண்றவர்தானே?" என்றாள் அவள். அவன் ஒரு கணம் திகைத்து, பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, "சரியான அகராதி!" என்றான். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருந்து கேட்டுப் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

ஒன்பது மாத ஒப்பந்தம் என்றுதான் கப்பல் ஏறினான். மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. ஃபோன் வரும். வாரத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆனால் கடந்த ஐந்து மாதமாக அந்த ஃபோனில் ஏதோ குறைந்துபோயிருந்தது. அவள் பேசப் பேச, "ஆமா... ஆமா... சரி" என்பான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் "நல்லது" என்பான். "என்னங்க நல்லது? குழாய் ஒழுகுதுங்கறேன்!" என்றால், "சரி சரி, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவான். ஃபோனைக் கையில் பிடித்தபடி அவள் ஒழுகும் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அப்படி என்ன அவசரம் அவனுக்கு? அவன் இருக்கும் கப்பலே மணிக்கு இருபது கிலோமீட்டர்தான் போகிறது. சைக்கிளில் நன்றாக மிதிக்கிறவன் அதை முந்திவிடுவான். அதற்குள் இருக்கிறவனுக்கு மட்டும் தலைபோகிற அவசரம். வேறு ஏதாவது இருக்குமோ என்று மனம் கண்ட இடத்துக்கெல்லாம் போய்வரும். நேராகக் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் பார்சல் கம்பெனி வேலை வந்து சேர்ந்தது.

அவளுடைய அலுவலகம் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மேனேஜரம்மா. பின்னறையில் எதிரெதிராக இரண்டு மேசை. ஒன்று அவளுக்கு, இன்னொன்று டைப் அடிக்கும் அண்ணனுக்கு. இரண்டே விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்துத் தட்டுவதால் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் பேனாக்கள் தானாக உருளும்.

செவ்வாய்க்கிழமை மேனேஜரம்மா நான்கு பக்கத்தைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"புதுசா ஆரம்பிக்கற பார்சல் கம்பெனியோட விளம்பரம். மொத்தம் இருபத்தொரு வாக்கியம். வியாழக்கிழமை நாலு மணிக்குப் போயாகணும். ஒரு நிபந்தனை. இங்கிலீஷ்ல வேகத்துக்கு இருபத்தொரு வார்த்தை போட்டிருக்காங்க. ஒண்ணுகூட ரெண்டாந்தடவை வரல. தமிழ்லயும் வரக் கூடாதாம்."

"எல்லாத்துக்கும் 'அதிவேகமா'ன்னு போட்டுடலாமே. எனக்கும் அடிக்கச் சுலபம்" என்றார் எக்ஸ்பிரஸ்.

"அது அப்படி இல்லண்ணே" என்று அகராதி ஆரம்பித்தாள். "ஸ்விஃப்ட்னா சத்தமே இல்லாம பறவை மாதிரி போறது. க்விக்னா ஆரம்பிச்சதும் தெரியாது, முடிஞ்சதும் தெரியாது. ஹேஸ்டின்னா திட்டறது, பதறிக்கிட்டுச் செய்யறான்னு. எல்லாம் ஒரே வேகமா?"

"எனக்கு எல்லாமே வேகம்தான்மா" என்றார் அவர், 'அ'வைத் தேடிக்கொண்டே.

அவளுக்கு இந்த மாதிரி வேலை என்றால் சாப்பாடுகூட வேண்டாம். தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதினாள். ஃபாஸ்ட், ராப்பிட், ஸ்பீடி, ப்ரிஸ்க், ப்ராம்ப்ட் என்று போய் 'இன் எ ஜிஃபி'யில் முடிந்தது. வலப்பக்கம் தமிழ் தானாக வந்து விழுந்தது. சட்டென்று, விருட்டென்று, மளமளவென்று, விறுவிறுவென்று, கண்மூடித் திறப்பதற்குள். சிக்கல் எங்கே வந்ததென்றால், நம் ஆட்களின் வேகத்தில் பாதிக்கு அடிபடும் ஆபத்து இருந்தது. தலைதெறிக்க ஓடுகிறோம், விழுந்தடித்துக்கொண்டு வருகிறோம், பிடரியில் கால்பட ஓடுகிறோம். 'பிரேக்நெக்' என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே கழுத்து முறிகிறது, இங்கே தலை தெறிக்கிறது. இதை நம்பி எவன் பீங்கான் தட்டை அனுப்புவான்?

புதன்கிழமை மதியம் ஃபோன் வந்தது.

"நாளைக்கு உன் பக்கத்துத் துறைமுகத்துக்கு வர்றோம்" என்றான் அவன். குரல் இரைந்து ஒலித்தது. "காலையில கப்பலைக் கரையில கட்டிடுவோம். மறுநாள் காலையிலதான் கிளம்புவோம். வர்றதுன்னா மூணாம் நம்பர் கேட்."

"வரேங்க! நாலு மணி நேர ரயில்தானே, விடியற்காலை வண்டியிலயே வந்துடறேன். ஏதாவது எடுத்துட்டு வரட்டுமா?"

"ம்? ஆமா, ஆமா. வந்தா சொல்லு. வெச்சிடறேன்."

வந்தா சொல்லு. ஃபோனை வைத்தபிறகும் அந்தச் சொல் காதிலேயே நின்றது. வர்றியா என்று கேட்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

மேனேஜரம்மா மனுஷிதான். "போயிட்டு வா, யாரு வேணாம்னா? ஆனா நாலு மணிக்கு அந்தக் காகிதம் போகலேன்னா அவங்க வேற ஆளைப் பாத்துப்பாங்க" என்றார். அகராதி நான்கு பக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டாள்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் தாளை வைத்துக்கொண்டு ஒன்பது வாக்கியம் முடித்தாள். வண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நின்று மூச்சு வாங்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வேறு கணக்கில் இறங்கிவிடுவாள். காலை ஒன்பதிலிருந்து மறுநாள் காலை வரை. வெளியே வர விடுவார்களா? விட்டால் எங்கேயாவது அறை எடுக்கலாமா? என்ன பேச வேண்டும் என்று ரயிலில் ஏறியதிலிருந்து ஒத்திகை பார்த்தாள். 'உங்களுக்கு என்மேல ஏதாவது வருத்தமா?' அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. நிதானமாக, மெதுவாகக் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாம் நம்பர் கேட்டில் பாஸ் எழுதும் குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தக் கப்பல் இன்னும் வெளியிலதான்மா நிக்குது. இடம் காலியாகல. ஒரு மணி ஆகும்."

"மறுநாள் காலைவரைக்கும் நிக்கும்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் அந்தக் காலம்" என்றார் அவர், தானே வாங்கிப்போட்டதுபோன்ற பெருமையுடன். "புது கிரேன் வந்திருக்குல்ல? ஒரு நாள் வேலையை அஞ்சு மணி நேரத்துல முடிச்சுடறாங்க. ஆறு மணிக்கெல்லாம் கிளப்பி விட்டுடுவோம்."

அவள் ஒன்றோடொன்று சேர்த்து ஆணியடித்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக அந்தக் கிரேன்கள் தெரிந்தன. பெட்டியைக் கவ்வின, தூக்கின, நகர்ந்தன, இறக்கின. ஒரு தடுமாற்றம் கிடையாது. 'ராப்பிட்' என்றால் இதுதான் என்று தோன்றியது. பதினொரு மாதமாக நாள்களை விரட்டிக்கொண்டிருந்தவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு இயந்திரம் பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பழுதானால் அவன் மாதிரி ஒரு ஃபிட்டரைத்தானே கூப்பிடுவார்கள் என்று நினைவு வந்ததும் அந்த வேண்டுதலையும் அவசர அவசரமாக வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குள் பதினான்கு சொல் முடிந்திருந்தது. மீதி ஏழு. அதில் ஒன்றில் பேனா நின்றபோது குமாஸ்தா கூப்பிட்டார்.

"உள்ள கேன்டீனுக்குப் போங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வர்றார். வெளியில விட மாட்டாங்க, எஞ்சின்ல வேலை இருக்காம். மூணரை மணிக்கு அவர் கப்பல்ல இருக்கணும்."

மணி இரண்டு ஐம்பது. நாற்பது நிமிடம்.

கேன்டீனுக்கு நடந்துகொண்டே எக்ஸ்பிரஸ் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள். "அண்ணே, பதினாலை ஃபோட்டோ எடுத்து அனுப்பறேன். மீதி ஏழை நீங்களே போட்டுடுங்க."

"நானா? எனக்கு எல்லாமே வேகம்தான்னு சொன்னேனேம்மா!"

"ஏதாவது போடுங்கண்ணே. திரும்ப வரக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

அவன் வந்தான். நீல நிற வேலை உடுப்பு, அவசரமாகக் கழுவிய முகம், காதோரம் இன்னும் ஈரம். பாதியாக இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மூலை மேசையில் அவன் எதிரே உட்காராமல், பக்கத்தில், இடப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்தால் மேசை குறுக்கே நிற்குமே. தேநீர் வந்தது. அவன் கை அவள் கைமேல் இருந்தது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு.

அவள் மேசையைப் பார்த்தபடி, ஒத்திகை பார்த்த மாதிரியே மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு என்மேல ஏதாவது வருத்தமா?"

"பரவால்ல," என்றான் அவன், "சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்."

அவள் நிமிர்ந்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. குரலைக் கூட்டாமல், குறைக்காமல், அதே தொனியில் சொன்னாள்:

"நம்ம வீடு போன வாரம் இடிஞ்சு விழுந்துடுச்சுங்க."

"ஆமா ஆமா" என்றான் அவன்.

அவள் அவனுடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவன் கண்கள் உடனே அவள் உதட்டுக்கு வந்து நின்றன. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பார்ப்பவன் கண்கள் போல.

"எத்தனை மாசமா?" என்று கேட்டாள்.

அவன் மழுப்பப் பார்த்தான். அவள் தாடையை விடவில்லை.

"அஞ்சு மாசம்" என்றான் கடைசியில். "அழுத்தக் காத்துக் குழாய் ஒண்ணு இந்தப் பக்கமா வெடிச்சுது. இடது காது சுத்தமாப் போயிடுச்சு. வலது பாதிக்கு மேல கேக்கும். எதிர்ல ஆள் இருந்தா சமாளிச்சுடுவேன். ஃபோன்லதான் முடியல, ஒரே தேனீக்கூடு மாதிரி இரையுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? கப்பல்லயும் சொல்லல. சொன்னா டாக்டர் தள்ளிடுவான், அப்புறம் கப்பல் ஏற முடியாது. உன்கிட்ட..." அவன் டம்ளரை மேசையில் ஒருமுறை சுற்றினான். "உன் குரல் வருது. நீ என்ன சொல்றேங்கறதுதான் வரல. நாலு தடவை 'என்ன, என்ன'ன்னு கேட்டா, நீயே போதும்னு வெச்சுடுவியோன்னு தோணிச்சு. குரலாவது கேட்டுட்டே இருக்கட்டும்னு 'ஆமா, ஆமா'ன்னு இழுப்பேன். மாட்டிக்கப்போறேன்னு தெரிஞ்சதும் நானே வெச்சிடுவேன்."

ஐந்து மாதம் அவள் அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் வரிசையாக வந்து எதிரே நின்றது. ஒழுகும் குழாயோடு அவள் தன்னந்தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவனும் அங்கே ஒரு இரும்பு அறையில், புரியாத ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிவந்து, அவனுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். நேரம் மூன்று ஐந்து.

அதன்பிறகு பேசினார்கள். முக்கியமாக எதுவும் பேசவில்லை. குழாயைச் சரிபார்க்க வந்தவன் இன்னொரு குழாயையும் கெடுத்துவிட்டுப் போன கதையைச் சொன்னாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அந்தச் சிரிப்பு இப்போது சத்தமாகியிருந்தது. பையிலிருந்து எட்டிப்பார்த்த தாளை என்னவென்று கேட்டான். வேகத்துக்கு இருபத்தொரு வார்த்தை என்றாள்.

"இருபத்தொண்ணா? எங்க எஞ்சின் ரூம்ல நாலுதான். டெட் ஸ்லோ, ஸ்லோ, ஹாஃப், ஃபுல். அதுக்கு மேல கேட்டா எஞ்சினே சிரிக்கும்."

"ஃபாஸ்ட் கிடையாதா?"

"இருக்கு. ஆனா அது வேகம் இல்ல. கப்பலைக் கரையோட சேத்துக் கயிறெல்லாம் கட்டி முடிச்சதும் 'ஆல் ஃபாஸ்ட்'னு கத்துவாங்க. அசையாம நின்னாச்சுன்னு அர்த்தம்."

அந்தப் பொருள் அவளுக்குத் தெரியாததல்ல. புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஒரு மனிதர் வாயிலிருந்து, அதுவும் அவன் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. இப்படியே கட்டிப்போட்டுவிட முடியாதா என்று ஆசையாக இருந்தது.

"அடுத்த துறைமுகத்துல இறங்கிடுங்க" என்றாள். "காதைப் பத்திக் கேப்டன்கிட்டச் சொல்லிடுங்க. எழுதிக் குடுங்க."

"அப்புறம் வேலை?"

"கரையில எஞ்சினே இல்லையா? என் ஆபீசுக்குக் கீழ டயர் கடையிலகூட ஒரு கம்ப்ரசர் மாசத்துக்கு ரெண்டு தடவை படுத்துக்குது. அப்புறம் பாத்துக்கலாம். நான் சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்?"

"காதைப் பத்திச் சொல்லிட்டு, எழுதிக் குடுத்துட்டு, இறங்கிடச் சொன்னே. டயர் கடையையும் சேத்துச் சொன்னே." அவன் கண் கலங்கியிருந்தது. "ஆறு வாரம் ஆகும், அகராதி. வழியில எங்கயும் நிக்காது."

"ஆறு வாரம்தானே?" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது சின்னதாகத்தான் இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு அவன் எழுந்தான். உள்கேட் வரை கூடப் போனாள். அங்கே காவலர்முன் ஒன்றும் செய்ய முடியாமல், அவள் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு அவன் போனான். பத்தடி போனதும் அவளுக்குத் தாங்கவில்லை. "ஏங்க!" என்று கூப்பிட்டாள். காவலர் திரும்பினார், லாரியிலிருந்த டிரைவர் திரும்பினார், கணக்குப் பலகையோடு போன யாரோ ஒருவர்கூடத் திரும்பினார். அவன் திரும்பவில்லை. நடந்துகொண்டே இருந்தான். மூலை திரும்பும் இடத்தில் தானாக நின்று, திரும்பி, அவள் இன்னும் நிற்பதைப் பார்த்துக் கை தூக்கினான்.

ஆறு மணிக்கு அவள் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் நின்றிருந்தாள். அடுக்கிவைத்த பெட்டிகளுக்கு மேலே அந்தக் கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. அது நகர்கிறதா நிற்கிறதா என்று முதலில் தெரியவில்லை. ஒரு விளக்குக் கம்பத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கம்பத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய கீற்றாக வானம் விழுந்திருந்தது. டெட் ஸ்லோ. இவ்வளவு மெதுவாக ஒரு மனிதரைப் பிரித்துக்கொண்டு போக முடியும் என்று அவள் நினைத்ததில்லை. இன்னும் மெதுவாகப் போகக் கூடாதா என்றும் இருந்தது. அவளுடைய வண்டி வந்து நின்று, கூவி, அவள் இல்லாமலே போய்விட்டது. அடுத்த வண்டியில்தான் வீடு திரும்பினாள்.

மறுநாள் அலுவலகத்தில் எக்ஸ்பிரஸ் அண்ணன் மார்பு விரிய உட்கார்ந்திருந்தார். நாலு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டாராம். அகராதி நகலை வாங்கிப் பார்த்தாள். பத்தொன்பதாவது வாக்கியம்: 'உங்கள் கண்ணாடிப் பொருள்கள் விழுந்தடித்துக்கொண்டு வந்துசேரும்.' அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல், கொஞ்ச நேரத்தில் அது வேறு மாதிரி ஆகி, எக்ஸ்பிரஸ் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "ஒரு வார்த்தைக்காம்மா அழறே? மாத்திக் குடுத்தாப் போச்சு" என்றார் பாவம்.

அவன் சொன்னபடி எழுதிக் கொடுத்தான். கப்பல் கம்பெனியிலிருந்து ஒப்புதல் வந்தது. ஆனால் மாற்று ஃபிட்டருக்குக் காகிதங்கள் தாமதமாகி, ஆறு வாரம் எட்டு வாரமாயிற்று. ஃபோன் முன்போலவே வந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடம்விட்டுப் பேசினாள். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். கால் மணி நேரத்தில் நான்கு வாக்கியம் பேசினார்கள். தப்பாகத் திருப்பிச் சொன்னால், "அது அப்படி இல்ல" என்று மறுபடியும் சொல்வாள். யாரும் முதலில் வைக்கவில்லை.

அவன் வரும் தேதி உறுதியான ஞாயிற்றுக்கிழமை காலை, படுக்கையறையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவர்ப் பக்கம் எப்போதும் அவள், வெளிப்பக்கம் அவன். மல்லாந்து படுத்தால் அவள் இருப்பது அவனுக்கு இடப்பக்கம். துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுக் கட்டிலைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் கீச்சிட்டது. மூச்சு வாங்கி வாங்கி, தலைமாடும் கால்மாடும் மாறும்படி அரைச் சுற்றுச் சுற்றி எதிர்ச் சுவரில் சேர்த்தாள். அப்போதும் சுவர்ப் பக்கம் அவனுக்கு இடப்பக்கமாகவே வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, மறுபடி நடு அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் எந்தச் சுவரையும் ஒட்டாமல், இரண்டு பக்கமும் வழி இருக்கும்படி அறை நடுவிலேயே விட்டுவிட்டாள்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் போய்ப் படுத்துப் பார்த்தாள். பழக்கமில்லாத பக்கம். விழுந்துவிடுவோமோ என்று இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, பழகிக்கொள்ள.